கிடங்கில் கிடப்பது யாருடைய ஒயின்?

அன்புள்ள வாசக நண்பருக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. கலிபோர்னியாவின் நாப்பா பள்ளத்தாக்கில் இருக்கும் ஓர் ஒயின் நிறுவனத்துக்குக் கிடங்கு மென்பொருள் எழுதும் வேலை கோவையில் இருக்கும் உங்கள் குழுவுக்கு வந்திருக்கிறது. இதுவரை நீங்கள் பார்த்ததெல்லாம் பம்ப்செட் உதிரி பாகங்களும் நூற்பாலைச் சரக்கும்தான். இதற்குள் உங்கள் மேலாளர், "இருப்பை 30 சதவீதம் குறைத்துக் காட்டுகிறோம்" என்று அந்த நிறுவனத்துக்கு வாக்கும் கொடுத்துவிட்டார். எங்கே தொடங்குவது என்று கேட்கிறீர்கள். உங்களைப் போலவே கிடங்கு வேலையில் இருப்பவர்கள் பலர் இந்தப் பத்திரிகையைப் படிப்பதால் பதிலை இங்கேயே எழுதுகிறேன்.

எனக்கு இதில் என்ன தகுதி என்றும் சொல்லிவிடுகிறேன். தணிக்கை வேலையில் இருந்தவன். சிமெண்ட், உரம், பஞ்சு என்று குடோன் குடோனாகப் போய் ஸ்டாக் எண்ணியே பிழைத்தவன். ஒயின் குடிப்பதில்லை. எண்ணுவதற்குக் குடிக்க வேண்டிய அவசியமும் இல்லை. ஆனால் உலகத்தில் எண்ணுவதற்கு மிகச் சிக்கலான சரக்கு எது என்று கேட்டால் ஒயினைத்தான் சொல்வேன். அதனால்தான் பல ஆண்டுகளாக அதைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் படித்துவருகிறேன்.

முதல் காரியமாக, அந்த 30 சதவீத வாக்குறுதியைத் திரும்பப் பெறச் சொல்லுங்கள். உதிரி பாகத் தொழிலில் கிடங்கில் கிடக்கும் சரக்கு முடங்கிய பணம். அதைக் குறைத்தவன் கெட்டிக்காரன். ஒயினில் அந்தக் கிடப்புதான் உற்பத்தியின் பாதி. பிரான்சின் ஷாம்பெய்ன் வட்டாரத்தைப் பாருங்கள். அறுவடை ஆண்டு குறிப்பிடாத சாதாரண ஷாம்பெய்ன்கூட பாட்டிலில் அடைத்த பிறகு 15 மாதமாவது நிலவறையில் கிடந்தாக வேண்டும் என்பது அங்கே சட்டம். ஆண்டு குறிப்பிட்டு விற்பதற்கு மூன்று ஆண்டு. அந்த வட்டாரத்திலிருந்து 2023-ல் விற்பனைக்குப் போனவை சுமார் 30 கோடி பாட்டில். நிலவறைகளில் கிடப்பவையோ 100 கோடிக்கு மேல். பம்ப்செட் கம்பெனி இப்படி மூன்று ஆண்டுச் சரக்கை வைத்திருந்தால் வங்கிக்காரர் வாசலில் வந்து நிற்பார். இத்தாலியின் புருனெல்லோ ஒயின், அறுவடைக்குப் பின் ஐந்தாவது ஆண்டின் ஜனவரிக்கு முன் கடைக்கு வர முடியாது. போர்தோவின் ஷாத்தோ லத்தூர் இன்னும் ஒரு படி மேலே போயிற்று. பீப்பாயில் இருக்கும்போதே வியாபாரிகளுக்கு விற்றுவிடுவது அந்த ஊரின் பழைய வழக்கம். 2012-ல் லத்தூர் அந்த வழக்கத்திலிருந்து விலகிக்கொண்டது. குடிக்கப் பக்குவமாகும்வரை தன் கிடங்கிலேயே வைத்திருந்து பிறகு விற்கிறது. இருப்பை வேண்டுமென்றே ஏற்றிக்கொண்ட நிறுவனம் அது.

இதைப் படித்துவிட்டு, ஒயின் என்றாலே வைக்க வைக்க விலை ஏறும் என்று நினைத்துவிடாதீர்கள். அது சிறுபான்மை. சூப்பர் மார்க்கெட்டில் பத்துப் பன்னிரண்டு டாலருக்கு விற்கும் வெள்ளை ஒயினும் ரோஸே ஒயினும் ஓரிரு ஆண்டில் களை இழந்துவிடும். இதை மறந்தால் என்ன ஆகும் என்பதை 2013-ல் ஆஸ்திரேலியாவின் டிரெஷரி ஒயின் எஸ்டேட்ஸ் உலகத்துக்குக் காட்டியது. அமெரிக்க விநியோகஸ்தர்களின் கிடங்குகளில் அதன் மலிவு ஒயின் தேங்கிப் பழையதாகிவிட்டது. அந்தத் தேக்கத்தையும் அதைச் சார்ந்த பிற இழப்புகளையும் சரிக்கட்ட அந்த நிறுவனம் கணக்கில் ஒதுக்கிய தொகை சுமார் 16 கோடி ஆஸ்திரேலிய டாலர். அதில் ஏறக்குறைய 3.5 கோடி, பழைய ஒயினைத் திரும்ப எடுத்து அழிப்பதற்கு மட்டும். சில மாதங்களில் தலைமை நிர்வாகியும் மாற்றப்பட்டார்.

அந்தத் தேக்கம் எப்படி யார் கண்ணிலும் படாமல் போயிற்று? அமெரிக்காவில் 1933-ல் மதுவிலக்கு நீங்கியபோது, உற்பத்தியாளர், விநியோகஸ்தர், சில்லறை வியாபாரி என்று மூன்று அடுக்கு முறை வேரூன்றியது. பெரும்பாலான மாநிலங்களில் இன்றும் அந்த முறைதான். ஒயின் ஆலை விநியோகஸ்தருக்கு லாரி ஏற்றியதும் தன் புத்தகத்தில் விற்பனை என்று எழுதிவிடுகிறது. ஆனால் சரக்கு குடிப்பவர் கைக்குப் போகவில்லை. வேறொருவர் கூரைக்குக் கீழே மாறிப் படுத்திருக்கிறது, அவ்வளவுதான். விநியோகஸ்தரிடமிருந்து கடைகளுக்குப் போன அளவை அந்தத் தொழிலில் 'டிப்ளீஷன்' என்பார்கள். உங்கள் வாடிக்கையாளரிடம் முதல் கூட்டத்திலேயே அந்த அறிக்கையைக் கேளுங்கள். தன் கிடங்கு இருப்பை மட்டும் காட்டினால், "இன்னொருவர் கிடங்கில் கிடக்கும் உங்கள் ஒயின் எவ்வளவு? அது எந்த ஆண்டு?" என்று கேளுங்கள். பதில் சொல்ல அவர்கள் எடுத்துக்கொள்ளும் நேரமே உங்களுக்குப் பாதி நிலவரத்தைச் சொல்லிவிடும்.

ஆக, எதைக் குறைப்பது, எதைக் காத்துவைப்பது என்ற முடிவெல்லாம் பிறகு. எது இருக்கிறது, எங்கே இருக்கிறது, யாருடையது, வரி கட்டியதா என்ற நான்கு கேள்விக்கும் ஒவ்வொரு பெட்டியும் பதில் சொல்ல வேண்டும். உங்கள் மென்பொருள் இதைச் செய்துவிட்டால் மற்ற அலங்காரங்கள் இல்லாவிட்டாலும் குற்றமில்லை. இதைச் செய்யாவிட்டால் டேஷ்போர்டில் எத்தனை வண்ணம் அடித்தும் பயனில்லை.

நான்கில் மூன்றாவதுதான் ஒயினில் ஆளை வீழ்த்தும் கேள்வி. அதற்கு ஒரு கதை உண்டு. கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

சான் பிரான்சிஸ்கோவுக்கு வடக்கே வல்லெஹோ என்று ஒரு துறைமுக ஊர். அதையொட்டிய மேர் ஐலண்டில் அமெரிக்கக் கடற்படையின் கப்பல் தளம் இருந்தது, 1996-ல் மூடினார்கள். கடற்படை விட்டுப்போன கட்டிடங்களில் ஒன்று, கனத்த கான்கிரீட் சுவர் கொண்ட பழைய ஆயுதக் கிடங்கு. சுவர் கனமென்றால் உள்ளே குளுமை. ஒயினுக்கு அதுதானே வேண்டும்? 'ஒயின்ஸ் சென்ட்ரல்' என்ற பெயரில் அது ஒயின் கிடங்காயிற்று. நாப்பா, சோனோமா பகுதியின் சிறிய ஆலைகள் பல தங்கள் சரக்கை அங்கே வாடகைக்கு வைத்தன. சொந்தக் கிடங்கு கட்ட வசதியில்லாத ஆலைகள் அங்கே நிறைய. சில ஆலைகள் ஓர் ஆண்டு அறுவடையை மொத்தமாகவே அங்கே வைத்திருந்தன.

அந்தக் கட்டிடத்துக்குள் ஒரு பகுதியை வாடகைக்கு எடுத்திருந்தவர் மார்க் ஆண்டர்சன். 'சாசலிட்டோ செல்லர்ஸ்' என்ற பெயரில் தனியாரின் ஒயின் சேகரிப்புகளைப் பாதுகாத்துத் தருவது அவர் தொழில். ஒயினின் சொந்தக்காரர் ஒருவர், பாதுகாப்பவர் ஆண்டர்சன், கட்டிடம் மூன்றாமவருடையது. வாடிக்கையாளர்கள் தங்கள் பாட்டில்களைத் திருப்பிக் கேட்கத் தொடங்கியபோது சிலருடையவை அங்கே இல்லை. அவர்களுக்குத் தெரியாமல் அவற்றை அவர் விற்றிருந்தார். விசாரணை வந்தது, வழக்கு வந்தது. கட்டிடக்காரர்களும் இடத்தைக் காலிசெய்யச் சொல்லிவிட்டார்கள். 2005 அக்டோபர் 12 அன்று அவர் கிடங்குக்குள் போனார். பெட்ரோலில் நனைத்த துணிக்குத் தீ வைத்துவிட்டு வெளியே வந்தார்.

சுமார் 45 லட்சம் பாட்டில் நாசமாயிற்று. இழப்பு 25 கோடி டாலர் இருக்கும் என்று மதிப்பிட்டார்கள். எந்தக் கனத்த சுவருக்காக அந்தக் கட்டிடத்தைத் தேர்ந்தெடுத்தார்களோ, அதே சுவர் வெப்பத்தையும் வெளியே விடவில்லை. தீ தொடாத பாட்டில்களும் வெந்துபோயின. பத்திரிகையாளர் ஃபிரான்சஸ் டின்கல்ஸ்பீல் இதைப் பற்றி 2015-ல் 'டாங்கிள்ட் வைன்ஸ்' என்ற புத்தகம் எழுதினார். அவருடைய முன்னோர் ஐசயாஸ் ஹெல்மன் 1875-ல் தெற்குக் கலிபோர்னியாவில் செய்த போர்ட், ஆஞ்சலிக்கா ஒயின் 175 பாட்டில்களும் அந்தத் தீயில் போயின. ஆண்டர்சனுக்கு 2012-ல் 27 ஆண்டுச் சிறை விதித்தது நீதிமன்றம்.

தீயணைப்புக்கான பாடமாகத்தான் இதைப் பலரும் சொல்வார்கள். ஸ்டாக் எண்ணியவன் கண்ணுக்கு வேறொன்று தெரிகிறது. அரசுத் தரப்பு நீதிமன்றத்தில் சொன்னதுபோல, ஓர் இருப்புக் குறைவை மறைக்கத்தான் அந்தத் தீ. கணக்கில் இருந்த பாட்டில் தரையில் இல்லை என்பதை யாராவது ஆறு மாதத்துக்கு ஒருமுறை நேரில் போய்ப் பார்த்திருந்தால், திருட்டு சில பெட்டிகளோடு நின்றிருக்கும். யாரும் பார்க்கவில்லை. சாவி வைத்திருந்தவரே எண்ணிக்கையும் சொன்னார். அந்த எண்ணிக்கையை எல்லோரும் நம்பினார்கள்.

இந்தப் பாடம் உலகத்துக்கு உறைத்ததா என்றால், அவ்வளவாக இல்லை. 2022-ல் நியூயார்க்கின் புரூக்ளின் நீதிமன்றத்தில் 'போர்தோ செல்லர்ஸ்' என்ற நிறுவனத்தை நடத்திய இருவர்மேல் அரசு குற்றம் சாட்டியது. பணக்கார ஒயின் சேகரிப்பாளர்கள் தங்கள் பாட்டில்களை அடகு வைத்துக் கடன் வாங்குகிறார்கள், அந்தப் பாட்டில்கள் எங்கள் பொறுப்பில் பத்திரமாக இருக்கின்றன என்று சொல்லி 9.9 கோடி டாலர் திரட்டினார்களாம். அந்தச் சேகரிப்பாளர்களும் இல்லை, சொன்ன ஒயினும் இல்லை என்பது குற்றப்பத்திரிகை. பணம் போட்டவர்களில் ஒருவராவது பட்டியலில் பத்துப் பெட்டியைத் தொட்டுக் காட்டி, "இதை எனக்கு நேரில் காட்டுங்கள்" என்று கேட்டிருக்கலாம்.

எனவே உங்கள் மென்பொருளில் 'உரிமையாளர்' என்பது ஒரு குறிப்புக் கட்டமாக இருந்தால் போதாது. பெட்டியின் அடையாளத்திலேயே அது சேர்ந்திருக்க வேண்டும். நாப்பாவில் ஒரே கூரையின் கீழ் நான்கைந்து பிராண்டுகளின் ஒயின் இருப்பது சாதாரணம். சொந்த ஆலை இல்லாதவர்கள் வேறொருவர் ஆலையில் ஒயின் செய்துகொள்வார்கள். ஒரே டாங்கில் இருந்து வந்த ஒயின் இரண்டு பேர் பெயரில் இரண்டு லேபிளோடு போகும். ஒயின் கிளப் உறுப்பினர் பணம் கட்டிவிட்டு, வெயில் தணிந்த பிறகு அனுப்புங்கள் என்று சொல்லிவைத்த பெட்டிகளும் அதே ரேக்கில் கிடக்கும். அவை ஆலையின் இருப்பு இல்லை, விற்ற சரக்கு. உங்கள் திரை அவற்றை விற்பனைக்கு உள்ளது என்று காட்டினால் வம்பு உங்களுக்குத்தான்.

அடுத்து, எது இருக்கிறது என்ற கேள்வி. பார்கோடு இருக்கிறதே, ஸ்கேன் செய்தால் தெரிந்துவிடாதா என்று கேட்பீர்கள். பாட்டிலின் பின்பக்கம் இருக்கும் பார்கோடை நம்பாதீர்கள். பல ஆலைகள் ஆண்டு மாறினாலும் அதே எண்ணைத்தான் அச்சிடுகின்றன. கடைக்காரர் தன் கணினியில் ஒவ்வோர் ஆண்டும் புதிதாகப் பதிவுசெய்யத் தேவையில்லாத வசதிக்காக இப்படி. சூப்பர் மார்க்கெட்டுக்கு அது வசதி, கிடங்குக்கு விஷம். 2019-ம் 2021-ம் ஒரே எண்ணில் கலந்துவிட்டால் பிரித்தெடுக்கப் பெட்டி பெட்டியாகத் திறந்து பார்க்க வேண்டியதுதான். அதனால் பேலட்டுக்கும் பெட்டிக்கும் நீங்களே தனி எண் கொடுத்து லேபிள் ஒட்டுங்கள். ஒயின், ஆண்டு, பாட்டில் அளவு, பெட்டிக்கு எத்தனை, எந்த நாள் அடைத்த லாட் என்று ஐந்தும் அந்த எண்ணுக்குப் பின்னால் இருக்கட்டும். லண்டனின் லிவ்-எக்ஸ் சந்தை இதற்காகவே 'எல்வின்' என்ற ஒயின் அடையாள எண்ணை எல்லோரும் பயன்படுத்தலாம் என்று வெளியிட்டிருக்கிறது. முதல் 7 இலக்கம் ஒயினைச் சொல்லும். ஆண்டு சேர்ந்தால் 11. மில்லிலிட்டர் சேர்ந்தால் 16. பெட்டியில் எத்தனை என்பதும் சேர்ந்தால் 18. உலகம் முழுவதும் கேட்கப்படும் உயர்ந்த ஒயின்களுக்குத்தான் அது பெரிதும் பயன்படும். உங்கள் வாடிக்கையாளர் சிறியவராக இருந்தால் அந்த அமைப்பை மட்டும் காப்பியடித்துக்கொள்ளுங்கள்.

'ஷைனர்' என்று ஒரு வகையைப் பற்றி அவர்களிடம் கட்டாயம் கேளுங்கள். லேபிள் ஒட்டாமல் அடைத்து வைத்த பாட்டிலுக்குத்தான் அந்தப் பெயர். லேபிள் அச்சாகி வரவில்லை, எந்த பிராண்டில் விற்பது என்று முடிவாகவில்லை, லேபிள் கிடங்கில் கிடந்து அழுக்காகக் கூடாது என்று பல காரணங்களால் மொட்டையாக அடைத்துவிடுவார்கள். பெரிய மரத்தொட்டிகளில் நூற்றுக்கணக்கான பாட்டில்கள் படுத்திருக்கும். அவற்றுக்கு அடையாளம், தொட்டியில் சொருகிய ஒரு காகிதம். அந்தக் காகிதம் விழுந்தால் கதை முடிந்தது. கேபர்னே எது, மெர்லோ எது என்று கார்க்கைத் திறந்து ருசித்துச் சொல்ல ஆள் வைக்க வேண்டும். தொட்டிக்கு இரண்டு பக்கமும் கிழியாத அட்டை, மென்பொருளில் தொட்டி எண் என்று வைத்துக்கொள்ளுங்கள். எத்தனை பெரிய தானியங்கிக் கருவியைவிடவும் அந்த இரண்டு அட்டை அதிகம் காப்பாற்றும்.

எங்கே இருக்கிறது என்பதில் சொல்ல அதிகம் இல்லை, உங்களுக்குத் தெரிந்ததுதான். வரிசை, தூண், அடுக்கு என்று ஒவ்வோர் இடத்துக்கும் முகவரி வேண்டும். அமெரிக்காவில் 12 பாட்டில் பெட்டிகளை வழக்கமாகப் பேலட்டுக்கு 56 என்று அடுக்குவார்கள்; அதாவது 672 பாட்டில். பேலட் முழுதாக இருக்கும்வரை கணக்கு தப்பாது. இரண்டு பெட்டியை உருவி எடுத்த அரைகுறைப் பேலட்டில்தான் தப்பெல்லாம். அரைகுறைகளுக்கு என்று ஒரே ஒரு தனி வரிசை ஒதுக்கச் சொல்லுங்கள்.

வரிக்கு வருவோம். அமெரிக்காவில் ஒயின் உற்பத்தி இடம் அரசின் பிணைக் கிடங்காக இயங்குகிறது. ஒயின் அங்கே கிடக்கும்வரை கூட்டரசு கலால் வரி கட்ட வேண்டாம். விற்பனைக்கு வெளியே எடுக்கும்போது கட்ட வேண்டும். 16 சதவீதத்துக்கு மேல் ஆல்கஹால் இல்லாத சாதாரண ஒயினுக்கு ஒரு காலனுக்கு 1.07 டாலர். 12 பாட்டில் பெட்டி 9 லிட்டர். பெட்டிக்குச் சுமார் 2.54 டாலர் ஆகிறது. சிறிய ஆலைகளுக்குக் கழிவு உண்டு. தொகை சின்னதுதான். ஆனால் வரி கட்டிய பெட்டியும் கட்டாத பெட்டியும் ஒரே இடத்தில் கலந்து கிடந்தால், ஆய்வுக்கு வரும் அதிகாரி எதிரே நிற்க முடியாது. காரணம் சொல்ல முடியாமல் காணாமல் போன ஒயினுக்கும் வரி கேட்பார்கள். ஆகவே உங்கள் திரையில் ஒரு பெட்டி பிணையிலிருந்து வெளியே போகும் அசைவுக்குத் தனிப் பெயர், தனி அனுமதி, தனி நேரக்குறிப்பு இருக்கட்டும். ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுபவர் வசதிக்காக ஒரு கோட்டைத் தாண்டி வைத்தது வரி நிகழ்வாகிவிடக் கூடாது.

இப்போது நீங்கள் கேட்காத ஒன்று. ஒயின் ஆலையில் இரண்டு கணக்குப் புத்தகம் ஓடும். ஒன்றில் டாங்கும் பீப்பாயும், அளவு காலனில். இன்னொன்றில் பெட்டி, அளவு எண்ணிக்கையில். முதலாவதற்கு இன்னோவின்ட், வின்ட்ரேஸ் போன்ற மென்பொருள்கள் ஏற்கெனவே இருக்கின்றன. இரண்டாவதை உங்களைப் போன்றவர்கள் எழுதுகிறீர்கள். இரண்டும் சந்திப்பது பாட்டிலில் அடைக்கும் நாளில். அன்றுதான் எல்லோரும் அவசரத்தில் இருப்பார்கள். நாப்பாவில் பல சிறிய ஆலைகளுக்குச் சொந்த அடைப்பு எந்திரம் கிடையாது. எந்திரத்தையே லாரியில் ஏற்றி வருபவர்கள் இருக்கிறார்கள். லாரி வந்து நிற்கும் ஒவ்வொரு மணிக்கும் கூலி. கார்க் குறைந்தாலும் லேபிள் ஒரு கட்டுக் குறைந்தாலும் வேலை நின்றுபோகும். வெறும் பாட்டில், கார்க், மூடி, லேபிள், அட்டைப்பெட்டி இவற்றின் இருப்பையும் ஒயின் இருப்போடு சமமாக மதித்து வையுங்கள்.

1000 காலன் ஒயினைக் கணக்குப்படி அடைத்தால் 420 பெட்டி வர வேண்டும். வராது. வடிகட்டியில் கொஞ்சம், குழாயில் கொஞ்சம், டாங்கின் அடியில் கொஞ்சம், சோதனைக்கூடத்துக்குக் கொஞ்சம், உடைந்தது கொஞ்சம் என்று போகும். அது இயற்கை. அன்றைய வித்தியாசத்தை அன்றே, காரணத்தோடு எழுதிவிட வேண்டும். மறுநாள் கேட்டால் யாருக்கும் ஞாபகம் இருக்காது. கணக்கர் ஆண்டு முடிவில் ஓர் எண்ணைப் போட்டுச் சமன் செய்துவிடுவார். அப்படிச் சமன் செய்த எண்ணுக்குள்தான் திருட்டும் ஒளிந்துகொள்ளும். பீப்பாய்க்கும் இதே விதிதான். 225 லிட்டர் ஓக் பீப்பாய் மரத்தின் வழியே மெல்ல ஆவியாகும். குறைந்ததை வேறு ஒயின் விட்டு நிரப்புவார்கள். எந்தப் பீப்பாய்க்கு எதிலிருந்து எவ்வளவு ஊற்றியது என்பது எழுதாமல் போனால், லேபிளில் போட்ட திராட்சை வகையும் ஆண்டும் சட்டப்படி சரிதானா என்பதே கேள்வியாகிவிடும்.

இன்னோர் ஓட்டை, ருசிபார்க்கும் கூடம். விருந்தினருக்கு ஊற்றியது, ஓட்டல்காரருக்குக் காட்டக் கொடுத்தது, கோயில் பிரசாதம்போல் போகிற வருகிறவர் கையில் முதலாளி கொடுத்தனுப்பியது. இவை யாவும் பாட்டில்கள். எதற்கும் ரசீது இருக்காது. இங்கே கண்டிப்பு பலிக்காது. முதலாளியே அதை மீறுவார். ஒரு பாட்டில் எடுக்க மூன்று விநாடியில் பதியும்படி, ஒரே பொத்தானில் வசதி செய்து கொடுங்கள். காரணம் நான்கே நான்கு இருக்கட்டும். பதினான்கு காரணம் கொடுத்தால் எல்லோரும் 'இதர'வையே அழுத்துவார்கள்.

எண்ணுவது எப்படி என்று கேட்டிருந்தீர்கள். ஆண்டுக்கு ஒருமுறை கதவைச் சாத்திக்கொண்டு எல்லாவற்றையும் எண்ணுவதைச் சட்டத்துக்காகச் செய்யட்டும். அமெரிக்காவில் பிணைக் கிடங்குக்கு ஆண்டு இருப்பெடுப்பு கட்டாயம். ஆனால் அதை நம்பிக் காலம் தள்ளக் கூடாது. வாரந்தோறும் சில இடங்களை எண்ணும் பழக்கத்துக்குக் கொண்டுவாருங்கள். விலை உயர்ந்தவையும் அரைகுறைப் பேலட்டுகளும் அடிக்கடி வரட்டும். எண்ணுபவர் கையில் இருக்கும் கருவி, கணினியில் உள்ள எண்ணைக் காட்டவே கூடாது. காட்டினால் மனிதர்கள் அதையே எண்ணிவிடுவார்கள். பட்டியலிலிருந்து தரைக்கு ஒருமுறை, தரையிலிருந்து பட்டியலுக்கு ஒருமுறை என்று இரண்டு திசையிலும் பாருங்கள். முதலாவது இல்லாத சரக்கைக் காட்டிக்கொடுக்கும்; இரண்டாவது எழுதாத சரக்கை. எண்ணுபவர் சாவி வைத்திருப்பவராக இருக்கக் கூடாது. இதில் மட்டும் வாடிக்கையாளர் எவ்வளவு கெஞ்சினாலும் விட்டுக்கொடுக்காதீர்கள்.

மீதி சில, வேகமாக. 2014 ஆகஸ்ட் 24 அதிகாலை 3.20-க்கு நாப்பாவின் தெற்கே 6.0 அளவு நிலநடுக்கம் வந்தது; இரும்புத் தாங்கிகளில் அடுக்கடுக்காக நிறுத்திய பீப்பாய்கள் சரிந்து உருண்டன. பகல் வேலை நேரமாக இருந்திருந்தால் அடியில் ஆட்கள் இருந்திருப்பார்கள். 2020 செப்டம்பரில் பரவிய கிளாஸ் காட்டுத்தீயில் கஸ்தெல்லோ டி அமொரோசா ஆலையின் கிடங்குக் கட்டிடம் எரிந்து, சுமார் 1,20,000 பாட்டில் போயிற்று. எந்த ஒயினின் முழு இருப்பும் ஒரே கட்டிடத்தில் இருந்தால் உங்கள் மென்பொருள் எச்சரிக்கட்டும்; அதற்கு ஒரே ஒரு வரி நிரல் போதும். வெளியார் கிடங்கில் வைத்த சரக்குக்கும் காப்பீடு செல்லுமா என்று பாலிசியை வாசிக்கச் சொல்லுங்கள். வெப்பமானி ரேக்கின் உச்சியிலும் அடியிலும் தனித்தனியாக வேண்டும்; 13 பாகை என்று கதவருகே காட்டும்போது மேலே வேறாக இருக்கும். மரப் பேலட்டும் குளோரின் கலந்த சுத்திகரிப்புத் திரவமும் சேர்ந்தால் பூஞ்சையின் கைவரிசையில் டிசிஏ என்ற வேதிப்பொருள் உண்டாகி, ஈர அட்டைபோல் ஒயினுக்கு நாற்றம் ஏறும். அது கிடங்கு முழுக்கப் பரவினால் எண்ணிக்கை சரியாக இருந்து என்ன பயன்? பேலட் எங்கிருந்து வந்தது என்பதையும் பதிவில் சேருங்கள்.

இங்கிலாந்தின் வில்ட்ஷைரில், கோர்ஷம் ஊருக்கு அருகே ஆக்டேவியன் என்ற நிறுவனம் பழைய கல்சுரங்கத்தில் ஒயின் காக்கிறது. இரண்டாம் உலகப் போரில் அதுவும் வெடிமருந்து வைத்த இடம்தான், மேர் ஐலண்டைப் போலவே. அங்கே வைத்திருந்த ஒயின் என்றால் ஏலத்தில் வாங்குபவர் நிம்மதியாக வாங்குகிறார். பாட்டில் எங்கிருந்து புறப்பட்டு, எந்த ஆண்டுகளில் எங்கே கிடந்தது என்ற பதிவே அதன் விலையில் ஒரு பகுதியாகிவிடுகிறது. ரூடி குர்னியாவன் என்பவர் போலி லேபிள் ஒட்டி அமெரிக்கக் கோடீஸ்வரர்களை ஏமாற்றி 2014-ல் பத்தாண்டுச் சிறைத் தண்டனை பெற்ற பிறகு, இந்தப் பதிவுக்கு மதிப்பு இன்னும் கூடிற்று. உங்கள் மேலாளருக்கு விற்பனைப் பேச்சு ஒன்று தேவைப்பட்டால் இதைக் கொடுங்கள். இருப்பைக் குறைக்கிறோம் என்பதைவிட, உங்கள் ஒவ்வொரு பாட்டிலுக்கும் சந்தேகமற்ற வரலாறு தருகிறோம் என்று சொன்னால் ஒயின்காரர் காதில் விழும்.

கடைசியாக, நாள் விஷயம். நாப்பாவில் திராட்சை ஆகஸ்டில் வரத் தொடங்கும். அக்டோபர்வரை யாரும் உங்கள் தொலைபேசியை எடுக்கமாட்டார்கள். அது முடிந்ததும் பண்டிகை விற்பனை. முதல் முழு எண்ணிக்கையை ஜூலைக்குள் முடித்துவிடுங்கள். அதற்கு முன் உங்கள் குழுவில் ஒருவராவது நேரில் போய் இரண்டு வாரம் அந்தக் கிடங்கில் பேலட்டுகளுக்கு நடுவே நிற்கட்டும். பயணச் செலவுக்கு நிறுவனம் மறுத்தால், அந்த வேலையை ஒப்புக்கொள்ளாதீர்கள்.